உரமிடாத செடி

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும்போதெல்லாம், "தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்பாருண்டு. அட்டனில் ஆசிரியனாயிருந்த என் நெஞ்சு அதைக் கேட்டுக் கொதிக்கும்.

தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை 1907-ஆம் ஆண்டுச் சட்டம் துரைமார்மீது சுமத்தியது. 1945-இல் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தது. ஆயினும் தோட்டப் பள்ளிகளுள் பெரும்பாலானவற்றை அரசு தன்வசமாக்கியதோ 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான். இடையில் ஒரு தலைமுறை கொழுந்துக் கூடையோடு கரைந்துபோயிற்று. பின்னர் சுவீடன் நாட்டின் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க இன்றும் பல பாடசாலைகளில் ஆசிரியர் போதவில்லை.

அன்பர்களே, உரமிடாத செடியில் கொழுந்து குறைந்தால், பழி செடிக்கோ?