கோர்ட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம்

நாகர்கோவில் கோர்ட்டில் கொலை வழக்கைக்கூட யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். டைவர்ஸ் வழக்கு என்றால் கதவைச் சாத்திவிடுவார்கள்! இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது: விசாரணை மூடிய அறையில்தான், உள்ளே நடந்ததை அச்சில் ஏற்றவும் கூடாது. சாத்திய கதவைப் பார்த்தால் யாருக்குத்தான் எட்டிப் பார்க்க ஆசை வராது? யார் வீட்டு வழக்கு என்பது நமக்கு வேண்டாம். உள்ளே காரியம் எப்படி நடக்கிறது என்று மட்டும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே பார்த்துவிடலாம், வாருங்கள்!

முதல் ஆச்சரியம், ஜட்ஜின் முதல் வேலை பிரித்து வைப்பதே அல்ல. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, சேர்த்து வைக்க முடியுமா என்றுதான் அவர் முதலில் பார்க்க வேண்டும். இன்னொன்று, வக்கீல் வைத்துப் பேசுவது அங்கே தானாக வரும் உரிமை இல்லை; நீதிமன்றம் அனுமதித்தால்தான். அதாவது, உங்கள் கதையை உங்கள் வாயால் கேட்கவே அந்த அறையை அமைத்திருக்கிறார்கள். எவ்வளவு அழகான ஏற்பாடு!

“எவ்வளவு நாள் இழுக்கும்?” என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இரண்டு பேரும் சம்மதித்தால், ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு மனு, அதன்பின் ஆறு மாதக் காத்திருப்பு. சேரவே வழியில்லை, ஜீவனாம்சம், பிள்ளை விவகாரமெல்லாம் பேசி முடித்தாயிற்று என்றால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023இல் அதே நீதிமன்றம் தந்த தீர்ப்பைக் காட்டி “இனி உடனே டைவர்ஸ்” என்று சிலர் சொல்வார்கள். காத்திருக்க வைக்காமல் நேரே பிரித்துவைக்கும் அந்த அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான்.

இப்போது என் மனம் கொள்ளைபோன இடத்துக்கு வருகிறேன். ஒரு படிவம்! ஜீவனாம்சம் கேட்டால் கணவன், மனைவி இருவருமே தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணமாக எழுதித் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விவசாயக் குடும்பங்களுக்கென்று தனிப் படிவமே உண்டு. அதைத் திறந்து பார்த்தால், நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஆடு மாடு, கோழி, மீன், தேனீ வளர்ப்பு உண்டா, எத்தனை என்று கேட்கிறது. தேனீ! டெல்லியில் எழுதிய தீர்ப்பில் நம் மார்த்தாண்டத்துத் தேன்பெட்டிக்கும் இடம் இருக்கிறது! ‘எனக்கு ஒரு வருமானமும் இல்லை’ என்று ஒரு வரியில் தப்பிக்க முடியாது. பூதப்பாண்டிப் பக்கத்து வயலும் குலசேகரத்து ரப்பரும் வளைகுடாச் சம்பளமும் அந்தத் தாளில் ஏறியே ஆக வேண்டும்.

புருஷன் வயல் எத்தனை ஏக்கர் என்று மனைவிக்காகக் கோர்ட்டே கேட்பது இந்த மண்ணில் சாதாரண விஷயமா? நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள்வழி இருந்தது. ஆண் இறந்தால் சொத்து அவன் சகோதரியின் பிள்ளைகளுக்கு. பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் உரிமை உண்டு. கட்டிப்போன வீட்டிலோ பிள்ளைகளுக்கு உகந்துடமை, மனைவிக்கு நங்குடமை என்று ஒரு சிறு பங்குதான். அதையும் வாங்கக் குடும்பத் தலைவரான காரணவரின் வாசலில் நிற்க வேண்டும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை, ஒருவனுக்கு ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்ட பெண்ணின் குரலில் இந்தக் கொடுமையைப் பாட்டாக எழுதினார். ‘தமிழன்’ இதழில் 1917-18இல் வந்த ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ அதுதான். கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1926இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. கோர்ட்டில் பேச வழியில்லாத ஒருத்தியின் வழக்கைக் கவிஞர் பேச, எட்டே வருடத்தில் சட்டமும் வந்துவிட்டது! நினைத்தாலே சிலிர்க்கிறது.

கிறிஸ்தவ வீடுகளில் வேறு கதை. 1916ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. 1986இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. அந்தப் பழைய சட்டம் குமரிப் பகுதியில் இன்னும் உயிரோடிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததும் அதே தீர்ப்பில் அடிபட்டுப்போனது.

மாவட்டத்தில் பாதிக்குச் சற்றே குறைவானோர் கிறிஸ்தவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சபை நீதிமன்றம் திருமணத்தைச் செல்லாது என்று சொன்னால் மட்டும் போதாது, மறுமணத்துக்கு முன் சிவில் கோர்ட்டின் ஆணை கட்டாயம் வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்து கிறிஸ்தவர்களுக்கு 2001இல்தான் சட்டத்தில் வந்தது. இரண்டு வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் கேரள உயர் நீதிமன்றம் 2010இல் அதை ஒரு வருடமாக்கி, 2022இல் அதையும் நீக்கிவிட்டது!

கடைசியாக, பவுன். ஒரு கேரள வழக்கில், பெண் கொண்டுவந்த 89 பவுனைக் கல்யாணத்தன்று இரவே பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார் கணவர். நகை திரும்பவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அந்த நகை முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, கணவருக்கு அதில் பங்கே கிடையாது. ஆகவே அம்மாமாரே, மகளுக்கு நகை போடும்போது கடை ரசீதையும் அவள் பெயரில் வாங்கி அவள் கையிலேயே கொடுங்கள். கேள்வி இருந்தால் தயங்காமல் கேளுங்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம், தொலைபேசி எண் 15100.