பிடியில் இருக்குது பலம்!

ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். ஊரே அறிந்த சங்கதி. ஆனால், நம் முன்னோர் கையில் பிடித்த ஆயுதம் எது தெரியுமா? கட்டாரி!

ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கினால், எழும்பூர் அருங்காட்சியகம் பக்கம்தான். 1851-ல் தொடங்கிய அங்கே, தஞ்சை அரண்மனைக் கட்டாரிகள் இருக்கின்றன.

எல்லோரும் முனையைப் பார்ப்பார்கள். அதிசயமோ பிடியில்!

இரண்டு பக்கக் கம்பிகள். நடுவே ஏணிப்படி போலக் குறுக்குக் கம்பிகள். அவற்றைக் கை பற்றும். முஷ்டியால் குத்துவதுபோல் குத்தினால், தோளின் வேகமெல்லாம் முனைக்குப் போகும். தஞ்சைக் கட்டாரியில் புறங்கையை மூட இரும்புத் தகடும் உண்டு. அதில் பூவேலை, யாளி முகம்!

மூங்கில் ஆணி

ஜப்பானியர் வழி வேறு. வாளின் அடிப்பகுதி மரப்பிடிக்குள் நுழையும். ஒரு சிறு மூங்கில் ஆணி இரண்டையும் பிணைக்கும். மரத்தின்மேல் திருக்கைமீன் தோல், அதன்மேல் நாடா. கை வழுக்காது. ஆணியைத் தட்டினால் பிடி கழன்றுவிடும். உள்ளே, பல வாள்களில், கொல்லன் பெயர் இருக்கும்.

எஞ்சியவை சில

1855-ல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆயுதசாலையும் கலைந்தது. பல ஆயுதங்கள் பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. சில எழும்பூர் வந்தன. சில நியூயார்க் வரை போயின.

விடுமுறையில் குழந்தைகளோடு போங்கள். பிடியைக் காட்டுங்கள். மன்னர் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. பிடி செய்த கொல்லனுக்கு அந்தப் பிடியே சரித்திரம்!