உங்களுக்குத் தெரியுமா? சிறுநீரகத்தின் பொட்டாசியம் கதவுகள்

● உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள்ளேயே இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் '3.5 முதல் 5 வரை' என்று வருவது, வெளியே மிதக்கும் மிச்ச 2 சதவீதத்தின் கணக்கு. ஒரு நாளில் நாம் சாப்பிடும் பொட்டாசியமும் ஏறத்தாழ இந்த 2 சதவீதத்தின் அளவுக்கே வரும். அத்தனையும் ரத்தத்தில் தங்கினால் இதயத் துடிப்பு தடுமாறிப்போகும். அதனால் சாப்பிட்டவுடன் செல்கள் அதை இழுத்துக்கொள்ள, சிறுநீரகம் பின்னால் நிதானமாக வெளியேற்றுகிறது.

● நாளொன்றுக்குச் சிறுநீரகம் வடிகட்டும் நீர் சுமார் 180 லிட்டர். அதோடு வடியும் பொட்டாசியத்தில் பத்தில் ஒன்பது பங்கை நெஃப்ரான் என்ற நுண்குழாயின் முற்பகுதியும் நடுப்பகுதியுமே திரும்ப எடுத்துவிடும். சிறுநீரில் நாம் காண்பதில் பெரும்பகுதி, குழாயின் கடைசிப் பகுதியிலுள்ள செல்கள் புதிதாக வெளியே விட்டது.

● அதை வெளியே விடும் முக்கியமான கதவுக்கு ரோம்கே என்று பெயர். 1993-ல் கெவின் ஹோ, ஸ்டீவன் ஹீபர்ட் குழுவினர் எலியின் சிறுநீரகத்திலிருந்து இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம்தான் இது. நான்கு துண்டுகள் சேர்ந்து நடுவே ஒரு துளையை உண்டாக்குகின்றன.

● சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. இருந்தும் அந்தத் துளைக்குள் அது நுழைய முடியாது! தண்ணீரில் இருக்கும்போது ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும். துளைக்குள் வர அவற்றை உதற வேண்டும். உதறிய இடத்தைத் துளையின் சுவரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கள் ஈடுகட்டுகின்றன. ஆனால் அவற்றின் இடைவெளி பொட்டாசியத்துக்கு மட்டுமே பொருந்தும். 1998-ல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கதவை (சேனலை) படமெடுத்து இதைக் காட்டிய ரோடரிக் மெக்கினனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் ஆக்ரி, தண்ணீர் செல்லும் சேனலைக் கண்டுபிடித்தவர்.

● ரோம்கே பழுதோடு பிறக்கும் குழந்தைகளுக்கு பார்ட்டர் நோயின் ஒரு வகை வருகிறது. பொட்டாசியத்தை வெளியே விடும் கதவு வேலை செய்யாததால், பிறந்த சில நாட்களுக்கு ரத்தத்தில் அதன் அளவு எகிறும். எதிர்பார்த்ததுதான். ஆனால் கொஞ்ச நாளில் தலைகீழாகக் குறையத் தொடங்கும்! குழாயின் நடுப்பகுதியில் உப்பைத் திரும்ப எடுக்கவும் ரோம்கே தேவை. அங்கே அது இல்லாததால் உப்பும் நீரும் கடைசிப் பகுதிக்குப் பெருக்கெடுத்து வருகின்றன. அங்கே பி.கே. என்ற இன்னொரு கதவு உண்டு. நீரோட்டத்தின் வேகம் கூடினால் அது திறக்கும். குழந்தை வளர வளர அந்தக் கதவு பொறுப்பேற்றுக்கொள்ள, பொட்டாசியம் அதன் வழியே வீணாகிறது. ஒரே பழுதுக்கு இரண்டு எதிரெதிர் ரிப்போர்ட்டுகள் வந்தால் டாக்டர் குழம்புவதில் வியப்பென்ன?

● பொட்டாசியம் சிரப் எவ்வளவு கொடுத்தும் அளவு ஏறாத நோயாளிக்கு மெக்னீசியம் பார்த்தீர்களா என்று மூத்த டாக்டர்கள் கேட்பார்கள். செல்லுக்குள்ளிருக்கும் மெக்னீசியம்தான் ரோம்கேயின் துளையை உள்பக்கமிருந்து அடைத்துவைக்கிறது. அது குறைந்தால் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே போனது சிறுநீரில் போய்விடும். வருடக்கணக்கில் சாப்பிடும் 'கேஸ் மாத்திரை' சிலருக்கு மெக்னீசியத்தைக் குறைக்கிறது. மதுவும் அப்படியே.

● தொண்டைக்கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் அளவு மிஞ்சினால் பொட்டாசியத்தைக் கரைத்துவிடும். கடைசிப் பகுதிச் செல்களுக்கு 'சோடியத்தை எடு, பொட்டாசியத்தை விடு' என்று உத்தரவிடுவது ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன். ரத்தத்தில் அதைவிடப் பல மடங்கு அதிகமாக உலவும் கார்டிசாலாலும் அதே உத்தரவைப் போட முடியும். அதற்கு வழிவிடாமல் ஒரு நொதி கார்டிசாலைச் செயலிழக்க வைக்கிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து முடக்குவது அந்த நொதியைத்தான். விளைவு, பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் தினமும் 57 கிராம் அதிமதுர மிட்டாயை இரண்டு வாரம் தின்றால் இதயத் துடிப்புக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

● உப்பைக் குறைத்தும் பிரஷர் குறையவில்லையா? தட்டில் பொட்டாசியமும் குறைவாக இருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால், கிர் 4.1 என்ற சேனல் வழியே அதை முதலில் உணர்வது நெஃப்ரானின் பின்பகுதிச் செல்கள். உடனே அவை உப்பைக் கடைசிப் பகுதிக்குப் போகவிடாமல் பிடித்துவைக்கத் தொடங்குகின்றன. பொட்டாசியத்தைக் காக்க, பிரஷரை விட்டுக்கொடுக்கிறது சிறுநீரகம். தயாசைடு மாத்திரை அடைப்பதும் இதே உப்பு வழியைத்தான். சீனாவின் 600 கிராமங்களில் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோயாளிகளும், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்பைத் தொடக்கூடாது.

● சிறுநீரகத்துக்குக் கடிகாரம் உண்டு. பொட்டாசியம் அதிகமாக வெளியேறுவது நண்பகலை ஒட்டி. இரவில் மிகக் குறைவு. சாப்பாட்டைச் சம இடைவெளியில் பிரித்துக் கொடுத்தாலும் இந்த முறை மாறுவதில்லை.

● டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இளநீர் ஆகாது என்பது தெரிந்ததே. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டினால் பொட்டாசியத்தில் கணிசமான பங்கு போய்விடும். சாம்பாரில் இந்தக் கணக்கு செல்லாது. காயை விட்டு வந்தது குழம்பிலேயே நிற்கும். மலச்சிக்கலையும் இவர்கள் அலட்சியப்படுத்தக்கூடாது. சிறுநீரகம் கைவிட்டால் பெருங்குடல் வழக்கத்தைவிட அதிகப் பொட்டாசியத்தை வெளியேற்றத் தொடங்குகிறது. அங்கே திறப்பதும் அதே பி.கே. கதவுதான்.