ஆர்டர் கொடுத்துட்டு வருஷக்கணக்கில் வெயிட்டிங்! அவசரப்பட மறுத்த கார் கம்பெனி

மால்வெர்ன் (இங்கிலாந்து):

கையில் காசு இருந்தா ஷோரூமுக்கு போனோமா, காரை எடுத்தோமா என்று வந்துவிடலாம். ஆனால் பெரிய பணக்காரர்களையே வருஷக்கணக்கில் காக்க வைத்த கார் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் மோர்கன்.

மால்வெர்ன் என்ற சின்ன ஊரில் 1909-ல் எச்.எப்.எஸ். மோர்கன் என்பவர் தொடங்கிய கம்பெனி இது. முதலில் மூணு சக்கர வண்டி செய்தார்கள். 1936-ல் நாலு சக்கர கார் வந்தது. பழைய சினிமாவில் வரும் கார் மாதிரியே நீண்ட மூக்கு, வளைந்த மட்கார்டு. இன்றைக்கும் அதே ஜாடைதான்.

1980-களில் இந்த காருக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் சாவியை வாங்க ஆறு, ஏழு வருஷம் ஆனது. குழந்தை பிறந்த அன்று ஆர்டர் கொடுத்தால், அது ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போதுதான் கார் வீட்டுக்கு வரும்!

ஏன் இவ்வளவு லேட்?

காரணம் ரொம்ப சிம்பிள். இது அச்சில் வார்த்து எடுக்கிற கார் இல்லை. ஆர்டர் கொடுப்பவர் விருப்பப்படி கலர், லெதர், சீட் எல்லாம் பார்த்து ஒவ்வொன்றாக செய்கிறார்கள்.

அடிப்பாகமான சேசிஸ் உலோகம். அதன் மேல் உட்காரும் பாடியின் எலும்புக்கூடு மரம். கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே ஆஷ் மரம்தான். வளைந்து கொடுக்கும், சட்டென்று ஒடியாது. பின்சக்கரத்துக்கு மேல் வரும் வளைவுக்கு மெல்லிய பலகைகளை பசை போட்டு ஒட்டி, அச்சில் வைத்து இறுக்கி விடுவார்கள். பசை காயும் வரை யாரும் தொட முடியாது.

அதற்கு மேல் தகடு அடிக்கணும், பெயிண்ட் அடிக்கணும், லெதர் தைக்கணும். கன்வேயர் பெல்ட் எல்லாம் கிடையாது. ஒரு ஷெட்டில் வேலை முடிந்தால் அடுத்த ஷெட்டுக்கு ஆட்களே காரை தள்ளிக்கொண்டு போவார்கள். இப்படி வேலை பார்த்தால் எத்தனை கார் வரும்? 1990 வாக்கில் வாரத்துக்கு சுமார் 10 கார்தான்.

டி.வி.யில் வந்த அட்வைஸ்

இந்த நேரத்தில்தான் அங்கே வந்தார் சர் ஜான் ஹார்வி ஜோன்ஸ். ஐ.சி.ஐ. என்ற மிகப்பெரிய ரசாயன கம்பெனியின் தலைவராக இருந்தவர். தள்ளாடும் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் பி.பி.சி. டி.வி. நிகழ்ச்சியை 1990-ல் நடத்தினார்.

மோர்கன் பட்டறையை சுற்றிப் பார்த்தவர் தலையில் கை வைக்காத குறைதான். உற்பத்தியை கூட்டணும், வேலை செய்யும் முறையை மாத்தணும், விலையை ஏத்தணும், வெயிட்டிங் லிஸ்ட்டை காலி பண்ணணும் என்று அட்வைஸ் செய்தார்.

முதலாளி பீட்டர் மோர்கனும் அவர் மகன் சார்லசும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நிகழ்ச்சியை பார்த்த ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இப்படி ஒரு காரா என்று ஆசைப்பட்டு இன்னும் ஆர்டர் கொடுத்தார்கள். கியூ மேலும் நீண்டது!

பிடிவாதமா, பாதுகாப்பா?

வெளியில் இருந்து பார்த்தால் வறட்டு பிடிவாதம் போலத்தான் தெரியும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. கார் வியாபாரம் ஒரு வருஷம் ஓடும், ஒரு வருஷம் படுக்கும். ஓடும்போது ஷெட்டையும் ஆளையும் கூட்டிவிட்டால், படுக்கும்போது முதலில் வேலை போவது தொழிலாளிக்குத்தான். கையில் ஆறு வருஷ ஆர்டர் இருந்தால் சந்தை சரிந்தாலும் ரம்பம் நிற்காது.

இதே பகுதியில், பர்மிங்காம் நகரில் இருந்த பிரமாண்டமான எம்.ஜி. ரோவர் கார் ஆலை 2005 ஏப்ரலில் திவாலானது. சுமார் 6 ஆயிரம் பேர் வேலை இழந்தார்கள். அப்போதும் மால்வெர்ன் பட்டறையில் மரம் இழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம்ம ஊரிலும் பஜாஜ் ஸ்கூட்டருக்கு பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த கதை பெரியவர்களுக்கு தெரியும். அது லைசென்ஸ் கெடுபிடியால் வந்த தட்டுப்பாடு. வாங்குபவருக்கு வேறு வழியில்லை. மோர்கன் கதை வேறு. வேற கார் கடை நிறைய இருந்தும், இதுதான் வேணும் என்று விரும்பி காத்திருந்தார்கள்.

கைவேலை என்றால் இன்றைக்கும் இதே நிலைதான். 2021-ல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி வெளியிட்ட 'போட் டெயில்' காருக்கு மட்டும் 4 வருஷம் பிடித்தது. செய்வது மொத்தமே மூணு கார்!

இப்போது எப்படி?

காலம் மாற மோர்கனும் கொஞ்சம் மாறியது. உற்பத்தி மெல்ல கூடியது, காத்திருப்பு வருஷத்தில் இருந்து மாதங்களாக குறைந்தது. 2019-ல் கம்பெனியின் பெரும்பங்கு இத்தாலி முதலீட்டாளர்கள் கைக்கு போனது. 2020-ல் பழைய இரும்பு சேசிஸ் போய் அலுமினிய சேசிஸ் வந்தது.

ஆனால் மரத்தை மட்டும் விடவில்லை. வாங்குபவனுக்கு வெயிட்டிங் லிஸ்ட் என்பது தலைவலி. பட்டறையில் உளி பிடிக்கிறவனுக்கு அதுதான் அடுத்த மாச சம்பளம் என்பது குறிப்பிடத்தக்கது.