பொதிகைமலை ஏற்றம்

பொதிகைமலை ஏற்றம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களின் எல்லையில் அமைந்துள்ள அகத்தியர் மலையின் உச்சிக்கு நடந்து செல்லும் பயணத்தைக் குறிக்கும். 1868 மீட்டர் உயரமுடைய இச்சிகரம் பொதியம், பொதியில், அகத்தியர்கூடம் எனவும் அழைக்கப்படுகிறது. இது தென்காசியில் இருந்து நேர்கோட்டுத் தொலைவில் ஏறத்தாழ 40 கி.மீ. தெற்கே உள்ளது. தமிழ் இலக்கிய மரபில் தமிழ் முனிவரின் இருப்பிடமாகப் போற்றப்படும் மலை இதுவே. எனினும் தமிழ்நாட்டில் இருந்து செல்வோரும் இன்று கேரளத்தின் வழியாகவே இதன் உச்சியை அடைய முடியும்.

அமைவிடம்

செங்கோட்டைக்கு மேற்கே உள்ள ஆரியங்காவுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகளுள் ஒன்று. இதற்குத் தெற்கே தொடங்கும் மலைத்தொகுதி அகத்தியர் மலைத்தொகுதி எனப்படும். இதன் கிழக்குச் சரிவு தமிழ்நாட்டின் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அடங்கும். மேற்குச் சரிவு கேரளத்தின் நெய்யாறு, பேப்பாறை காட்டுயிர்ப் புகலிடங்களைச் சேர்ந்தது. 2001-இல் அறிவிக்கப்பட்ட அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம், 2016-இல் யுனெசுக்கோவின் உலக உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது.

மலைமுகடே நீர்ப்பிரிமேடாகவும் விளங்குகிறது. மேற்கே வழியும் நீர் நெய்யாறாகி அரபிக்கடலை அடைகிறது. கிழக்கே பூங்குளத்தில் தோன்றும் தாமிரபரணி சுமார் 128 கி.மீ. ஓடி மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. குற்றால அருவிகளாக விழும் சிற்றாறும் பின்னர் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் சேர்வதால், குற்றாலத்து நீரும் பொதிகை நீரும் கடலுக்குச் செல்வது ஒரே ஆற்றில்தான்.

பருவம்

இம்மலை இரண்டு பருவமழைகளையும் பெறுகிறது. சூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவை நனைக்கிறது. அதன் ஒரு பகுதி கணவாயின் வழியே புகுந்து தென்காசி, குற்றாலப் பகுதிகளில் சாரலாக விழுகிறது. அக்டோபர் முதல் திசெம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் பெய்கிறது. எஞ்சியிருப்பது சனவரி முதல் மார்ச்சு வரையான உலர்ந்த காலமே. கேரள வனத்துறை இக்காலத்தில்தான், முன்பதிவின் பேரில், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை அனுமதிக்கிறது. ஓடைகளில் நீர் குறைந்து கடப்பது எளிதாவதும், பாறைகள் வழுக்காமல் இருப்பதும் இக்காலத்தின் நன்மைகள். புல் காய்ந்து காட்டுத்தீ பரவும் காலமும் இதுவே என்பதை ஏறுவோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஏறும் வழி

பயணம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள போனக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டப் பகுதியில் தொடங்குகிறது. அங்கிருந்து அதிருமலை முகாம் வரை ஏறத்தாழ 14 கி.மீ., அதிருமலையில் இருந்து உச்சி வரை சுமார் 6 கி.மீ. நடக்க வேண்டும். முதல் நாள் அதிருமலையில் தங்கி, மறுநாள் காலை உச்சிக்குச் சென்று திரும்புவது வழக்கம்.

முதல் நாள் நடையின் முற்பகுதி நிழலடர்ந்த காட்டின் ஊடே செல்வது. கரமனையாறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு ஆகிய ஓடைகளைக் கடந்தபின் நிழலற்ற புல்வெளி வருகிறது. அதன்பின் ஏழுமடக்குத்தேரி என்னும் வளைந்து வளைந்து ஏறும் சரிவும், முட்டிடிச்சான் தேரி என்னும் செங்குத்தான ஏற்றமும் உள்ளன. ஏறும்போது முழங்கால் முகத்தில் முட்டும் அளவுக்குச் செங்குத்தானது என்பது இரண்டாவது பெயரின் பொருள். பெயரில் சற்று மிகை இருப்பினும், ஏறியவர்கள் அதனை மறுப்பதில்லை.

அதிருமலைக்கு மேல் ஈற்றைக் காடு வருகிறது. ஈற்றை யானைகளுக்கு விருப்பமான உணவு என்பதால் இப்பகுதியைக் கூட்டமாகவும் வழிகாட்டியுடனும் கடப்பதே முறை. அடுத்துள்ள பொங்காலைப்பாறை, ஓடை வழியும் அகன்ற பாறை. வழிபாட்டுக்கு வருவோர் இங்குப் பொங்கலிடுவது வழக்கமாதலின் இப்பெயர் பெற்றது. இதற்கு மேல் மரங்கள் படிப்படியாகக் குட்டையாகின்றன. ஓயாத காற்றும் பாறைமீது மெல்லியதாகப் படிந்த மண்ணுமே அதற்குக் காரணங்கள். இறுதிப் பகுதியில் சாய்ந்த வழுக்குப் பாறைகளில் கட்டப்பட்டுள்ள கயிறுகளைப் பற்றி ஏற வேண்டும். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே இங்குக் கடினம். மழை தொடங்கிவிட்டால் உச்சியைக் கைவிட்டுத் திரும்புவதே அறிவுடைமை. உச்சியில் திறந்த வெளியில் அகத்தியர் சிலை ஒன்று உள்ளது.

தமிழ்நாட்டுப் பக்கம்

பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், கன்னிகட்டி, பூங்குளம் வழியாக உச்சிக்குச் செல்லும் பழைய பாதை புலிகள் காப்பகத்தின் உட்பகுதியில் அமைந்திருப்பதால் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அதே ஆண்டில் வெளியிட்டது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குற்றாலம் செண்பகாதேவி அருவி, தீர்த்தப்பாறை, இஞ்சிக்குழி ஆகியவை இடம்பெற்றன. பொதிகை உச்சி அதில் இல்லை.

உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம்

இச்சிகரத்தில் ஏறியவர்கள் அடியார்கள் மட்டுமல்லர். திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்கு 1852 முதல் இயக்குநராக இருந்த இசுக்காட்லாந்து அறிவியலாளர் சான் ஆலன் புரூன், 1850-களில் இங்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். கடல்மட்டத்தை ஒட்டிய திருவனந்தபுரத்திலும் மலையுச்சியிலும் புவிகாந்த, வானிலை அளவீடுகளை எடுத்து ஒப்பிடுவது அவரது நோக்கம். இரு இடங்களிலும் பெற்ற காந்த ஒதுக்க அளவீடுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன. கயிறுகூட இல்லாத காலத்தில் நுண்கருவிகளை இவ்வளவு உயரத்துக்குச் சுமந்து சென்றவர்களின் உழைப்பு, இன்று நடந்து செல்வோருக்கு எளிதில் விளங்கும்.

காணி மக்கள்

மலையின் இரு சரிவுகளிலும் வாழும் காணிப் பழங்குடியினருக்கு இச்சிகரம் வழிபாட்டு இடமாகும். 1987-இல் ஆய்வாளர்கள் சிலர் இக்காடுகளில் பயணம் செய்தபோது, வழிகாட்டிய காணிகள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அவர்கள் உண்டுவந்த சிறு காய், ஆரோக்கியப்பச்சை என்னும் செடியினுடையது. அதிலிருந்து 'சீவனி' என்னும் மருந்து உருவாக்கப்பட்டு, உரிமத்தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. பழங்குடி அறிவுக்குப் பங்கு தந்த முன்னோடி எடுத்துக்காட்டாக இது உலகெங்கும் பேசப்படுகிறது.

நெடுங்காலம் பெண்கள் இச்சிகரத்துக்கு அனுமதிக்கப்படவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலின அடிப்படையிலான இத்தடையை நீக்கியது. 2019 சனவரி 14 அன்று புறப்பட்ட குழுவில், பாதுகாப்பு அமைச்சின் செய்தித் தொடர்பாளர் தன்யா சனல் முதல் பெண்ணாகச் சென்று உச்சியை அடைந்தார். உச்சியைத் தம் தெய்வத்தின் இருப்பிடமாகக் கருதும் காணிகளில் ஒரு பகுதியினர் எதிர்ப்புத் தெரிவித்து அமைதியான முறையில் போராட்டம் நடத்தினர். ஏறுபவர்களை அவர்கள் தடுக்கவில்லை.