கணினி வரைபடமும் மூன்று குற்றங்களும்

நன்னூல் ஆசிரியராகிய பவணந்தி முனிவர், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்துரைத்தார். அவற்றுள் குன்றக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்னும் மூன்றும் இன்று கணினியிற் படம் வரையும் மாணவரை நாள்தோறும் வருத்துகின்றன என்றால் நீங்கள் வியப்படையக்கூடும்.

இயந்திர உறுப்புகளைக் கணினியில் வரைவதற்கென அமைந்த மென்பொருள்களிற் கோடு கீறுதல் பாதி வேலையே. அக்கோடு எவ்வாறு நிற்றல் வேண்டும் என்று சொல்லிவைத்தல் மறுபாதி. இக்கோடு கிடையாக இருக்கட்டும், இவ்விரண்டும் சமாந்தரமாக இருக்கட்டும் என்னும் நிபந்தனைகளைக் கட்டுப்பாடுகள் என்பர். எண்ணால் தருவனவற்றைப் பரிமாணங்கள் என்பர். அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதலண்ட் என்பவர் 1963 ஆம் ஆண்டு கலாநிதிப் பட்டத்துக்காக ஆக்கிய ‘ஸ்கெச்பாட்’ இம்முறைக்கு முன்னோடியாகும். ஒளிப்பேனாவால் திரையிற் கோணலாகக் கீறிய கோடுகள், நிபந்தனை விதித்ததும் அதில் நேராகி நின்றன.

ஒரு தகட்டின் செவ்வக வடிவத்தை எடுத்துக்கொள்வோம். தனித்தனியான நான்கு கோடுகள். ஒவ்வொன்றுக்கும் இரு முனைகள். ஒவ்வொரு முனையும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகரலாம். ஆகவே மொத்தம் 16 சுயாதீனங்கள். நான்கு மூலைகளையும் பொருத்தினால் 8 நீங்கும். இரு கோடுகளைக் கிடையாகவும் இரண்டை நிலைக்குத்தாகவும் ஆக்கினால் 4 நீங்கும். நீளம் 60 மில்லிமீற்றர், அகலம் 40 மில்லிமீற்றர் எனக் கூற மேலும் 2 நீங்கும். எஞ்சிய இரண்டும் யாவை? தகடு தளத்தில் எவ்விடத்தில் இருக்கிறது என்பதை நாம் இன்னும் கூறவில்லையன்றோ? ஒரு மூலையை உற்பத்திப் புள்ளியோடு பிணைத்ததும் கணக்குத் தீர்ந்துவிடும். விலையின்றிக் கிடைக்கும் பிறீகாட் என்னும் மென்பொருளில் அப்போது கோடுகள் வழக்கமாகப் பச்சை நிறம் பெறும்.

பச்சையாகாவிடின் ஏதோ ஒன்று குன்றக் கூறப்பட்டுள்ளது. இங்கே கண்ணை நம்புதல் கூடாது. பொருந்தியிருப்பதுபோலத் தோன்றும் மூலை உண்மையிற் பொருந்தாதிருக்கலாம். கோடுகளையும் முனைகளையும் ஒவ்வொன்றாகச் சுட்டியினாற் பிடித்து இழுத்துப் பாருங்கள். எது அசைகிறதோ அதுவே கட்டப்படாதது. தகட்டில் ஒரு துளை உண்டெனக் கொள்வோம். அது வலது விளிம்பிலிருந்து 10 மில்லிமீற்றரில் இருத்தல் வேண்டும் என்பது நம் மனத்தில் மட்டும் இருந்தால், நாளை நீளத்தை 80 ஆக மாற்றும்போது விளிம்பு நகரும், துளை பழைய இடத்திலேயே நிற்கும். பிழை பணிமனையில், உலோகம் துளைக்கப்பட்ட பின்னரே தெரியவரும். சில மாணவர் எல்லாப் புள்ளிகளையும் பூட்டிவிட்டுப் பச்சை நிறத்தைப் பெற்றுவிடுகின்றனர். நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைத்து நடுக்கம் தீர்ந்தது என்பதை இது ஒக்கும்.

இனிக் கூறியது கூறல். கீழ்ப்பக்கம் 60 என்று கூறியபின் மேற்பக்கமும் 60 என்று கூறினால் மென்பொருள் மறுக்கிறது. உண்மையைத்தானே கூறினேன் என்று மாணவர் மனங்குறைவதுண்டு. ஆயினும் அவ்வளவு முன்னரே பெறப்பட்டதாகும். பின்னொருநாள் கீழ் அளவை மட்டும் 80 ஆக்கினால், மேலே நிற்கும் 60 அதற்குப் பகையாகும். படத்திற் காட்டவே வேண்டுமாயின், மேல் அளவைக் குறிப்பு அளவாக மாற்றிவிடலாம். அது உள்ளதை அறிவிக்கும், கட்டளையிடாது.

மாறுகொளக் கூறலே மிகுந்த தொல்லை தருவது. மென்பொருள் முரண்படும் கட்டுப்பாடுகளின் எண்களை வரிசையாகக் காட்டும். உடனே கடைசியாகச் சேர்த்ததை அழித்துவிடுவதே பலருடைய வழக்கம். கடைசியில் வந்தவனே கள்வன் என்று கொள்வது என்ன நியாயம்? ஏறத்தாழக் கிடையாக ஒரு கோடு கீறும்போது, நாம் கேளாமலே மென்பொருள் அதற்குக் கிடை என்னும் குறியை இட்டுவிடுவதுண்டு. பின்னர் அதே கோட்டுக்கு 5 பாகைச் சரிவு கொடுத்தால் முரண் எழும். சரிவுதான் நமக்கு வேண்டியது. நீங்க வேண்டியது நாம் இடாத அக்குறி. ஆதலால் பட்டியலிலுள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, இவ்வுறுப்புக்கு இது தேவைதானா என்று கேட்டுப்பார்த்தல் வேண்டும். ஐயமானதை அழிக்காமலே தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்து சோதிக்கவும் பிறீகாட்டில் வசதியுண்டு.

கணக்குச் சரியாயிருந்தும் படம் அமையாத நிலையும் ஒன்றுண்டு. பக்கங்கள் 100, 40, 50 எனக் கொண்ட முக்கோணியைக் கேட்டால் எந்தக் கணினியும் தராது. இரு பக்கங்களின் கூட்டுத்தொகை மூன்றாவதைவிடப் பெரிதாதல் வேண்டும் என்பது யூக்கிளிட்டின் முதற் புத்தகத்து இருபதாம் தேற்றம். மாறாக, அமையக்கூடிய முக்கோணியாயின், அடிக்கு மேலேயும் கீழேயும் உச்சி அமையலாம். அளவுகளுக்கு இரண்டும் பொருந்தும். மென்பொருளோ பெரும்பாலும் படம் இப்போதுள்ள நிலைக்கு அண்மையான விடையையே நாடிச் செல்லும். எனவே எண்களை இடுமுன் உருவத்தை ஏறக்குறையச் சரியாகக் கீறிக்கொள்ளுங்கள். 60 ஐ 600 ஆக்கவேண்டி, படம் தலைகீழாகப் புரண்டுவிட்டால், முன்னைய நிலைக்கு மீண்டு 100, 200 எனப் படிப்படியாக ஏற்றிச் செல்லுங்கள்.