கோசாம்பியின் இன்னொரு கணக்கு

டி.டி. கோசாம்பி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 1956இல் வெளிவந்த அவரது இந்திய வரலாற்று அறிமுக நூல்தான். மரபணு ஆய்வுக்கூடங்களிலோ அவர் பெயர் ஒரு சூத்திரத்தின் பெயர். வரலாற்றை நமக்கும் கணிதத்தை அவர்களுக்குமாகப் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டோம்.

ஒரே குரோமோசோமில் உள்ள இரண்டு ஜீன்களை எடுத்துக்கொள்வோம். இனச்செல்கள் உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இது குறுக்கேற்றம். அந்த இரண்டு ஜீன்களுக்கும் நடுவே இது நிகழ்ந்தால், சேர்ந்திருந்தவை பிரிந்து புதுச் சேர்க்கை பிறக்கும். நூறு சந்ததியில் இப்படி எத்தனை என்பதே மறுகூட்டிணைவு வீதம். தள்ளி இருப்பவை பிரிய வாய்ப்பு அதிகம். ஆகவே வீதத்தையே தூரமாகக் கொண்டு, மார்கனின் மாணவர் ஸ்டர்ட்டிவன்ட் 1913இல் பழ ஈயின் ஜீன் வரைபடத்தை வெளியிட்டார். ஒரு சதவீதம் என்றால் ஒரு சென்டிமார்கன்.

கிட்டத்தில் இது சரி. தூரம் கூடக்கூடக் கணக்கு உதைக்கிறது. காலையில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போயிட்டுச் சாயங்காலம் திரும்பினவனை, ராத்திரி கதவைத் தட்டிக் கணக்கெடுப்பவர் ஊரைவிட்டே நகராதவன் என்றுதான் எழுதிக்கொள்வார். அதே இரண்டு இழைகளுக்குள் இரண்டாவது குறுக்கேற்றம் நிகழ்ந்தால் முதலாவதன் தடயம் அழிந்துபோகும். எவ்வளவு தள்ளி இருந்தாலும் வீதம் 50ஐத் தாண்டாது. தூரத்துக்கு அந்த வரம்பு கிடையாது.

1919இல் ஹால்டேன் இதற்குத் திருத்தம் தந்தார். ஒரு குறுக்கேற்றம் மற்றொன்றைப் பாதிக்காது என்பது அவரது அனுமானம். நடப்பிலோ ஒன்று நிகழ்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று நிகழ்வது பெரும்பாலும் தடைபடுகிறது. தள்ளிப்போகப்போகத் தளர்கிற இந்தத் தடையையும் கணக்கில் சேர்த்தது கோசாம்பியின் சூத்திரம். பூனா ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1943-44இல் வந்த நாலே பக்கக் கட்டுரை. வீதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: ஹால்டேன் கணக்கில் தூரம் சுமார் 46 சென்டிமார்கன், கோசாம்பி கணக்கில் சுமார் 35. நெல்லின் மரபணு வரைபடங்கள் பலவும் இவர் கணக்கில் வரையப்பட்டவையே.

பதிவாகாததை நடக்காதது என்று சொல்லிவிட முடியாது. அதற்காக இஷ்டத்துக்கு ஒரு எண்ணைப் போட்டு நிரப்பவும் முடியாது. அதன் நியதியைத் தேடியாக வேண்டும். பூனாவைச் சுற்றிக் கால்நடையாகத் திரிந்து, கல்கருவிகளையும் தாய்த்தெய்வ வழிபாட்டிடங்களையும் தேடி, ஏடுகள் சொல்லாத வரலாற்றை எழுத முனைந்தவரும் இதே ஆள்தான். வரலாற்றின் மௌனங்கள் பற்றி ஓயாமல் பேசுகிற நாம், அந்த மௌனத்தை அளந்து பார்த்தவரின் இந்த நாலு பக்கத்தையும் வாசிக்கத்தான் வேண்டும்.